சியாமாசெட்டியின் ஆறு சிலிண்டர்கள்

எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் விமானங்களை அடையாளம் காட்டித்தர வேண்டியதில்லை. சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவோம். அவ்ரோவுக்கு ஒரு முழக்கம். சகடை என்று ஊரே அழைத்த சீன விமானத்துக்கு இழுத்து இழுத்து ஓர் உறுமல். ஹெலி வருவது பனைகளுக்கு மேலே தலை காட்ட முன்னரே தெரிந்துவிடும். சியாமாசெட்டி என்று நாங்கள் சொன்னது இத்தாலியத் தயாரிப்பான சியாய் மார்க்கெற்றி எஸ்.எஃப். 260. எல்லாவற்றிலும் சிறியது அதுதான். கீழேயிருந்து பார்த்தால் சிறகு நுனிகள் இரண்டிலும் ஒவ்வோர் எரிபொருள் தொட்டி தெரியும். அது வட்டமிடத் தொடங்கினால் அம்மா அடுப்பை நூர்த்துவிட்டு எங்களைப் பங்கருக்குள் தள்ளுவா. பதிந்து எழும்பும்போதுதான் குண்டு விழும் என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

அந்த எஸ்.எஃப். 260 ஒன்று போன வருடம் நான் வேலை செய்யும் பட்டறைக்குள் வந்து நின்றது. டொரன்ரோவுக்கு வடக்கே, சிறு விமானங்களுக்கு மின் வேலையும் கருவி வேலையும் செய்கிற பட்டறை. மார்க்கத்தில் இருந்த பட்டன்வில் விமான நிலையம் 2023 நவம்பரில் மூடப்பட்ட பிறகு அங்கே நின்ற சிறு விமானங்கள் நாலா பக்கமும் இடம் தேடிப் போயின. எங்களுக்கும் வேலை கூடியது. வழக்கமாக வருபவை செஸ்னா 172கள். அந்த வகையில் நூற்றுக்கு மேல் பார்த்திருப்பேன், எந்த ஆணி எங்கே என்று கைக்கே தெரியும். இது வேறு. கதவைத் திறந்து இழுத்து வந்தபோது முதலில் உள்ளே நுழைந்தது சிறகு நுனித் தொட்டி. நான் கையிலிருந்த குறட்டை மேசையில் வைத்துவிட்டேன். என்னோடு வேலை செய்கிற பொடியன், எவ்வளவு வடிவான விமானம் என்று சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான்.

அவன் சொன்னது உண்மை. ஸ்ரெலியோ ஃபிராற்றி என்ற இத்தாலியர் வரைந்த விமானம் இது. 1964இல் முதன்முதல் பறந்தது. விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கென்று செய்யப்பட்டது. முன்னால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை, பின்னால் ஒன்று, மேலே கண்ணாடிக் குமிழ். வட அமெரிக்காவில் இதை ஆசைக்கு வாங்கி வைத்து ஓட்டுகிறவர்கள் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். மாணவனுக்காகப் பிறந்த ஒன்றை எங்கள் தலைக்கு மேலே என்னவாக்கினார்கள் என்பதை அந்தப் பொடியனுக்கு அன்றைக்கு நான் சொல்லவில்லை. பிறகொரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். அவன் படங்களை அழிக்கவில்லை. நான் அழிக்கச் சொல்லவுமில்லை.

இலங்கை 1985இல் முதலில் வாங்கியவை ரேர்பைன் என்ஜின் பூட்டிய வகை. எங்களிடம் வந்ததோ பிஸ்ரன் வகை: லைக்கொமிங் ஓ-540, ஆறு சிலிண்டர், 260 குதிரைவலு. ஆகவே சத்தம் வேறு. அந்தச் சத்த வித்தியாசம் இல்லாவிட்டால் அந்த வேலையை என்னால் செய்திருக்க முடியுமா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

சொந்தக்காரர் கேட்டது ஒரு என்ஜின் மொனிற்றர். பழைய பலகையில் சிலிண்டர் சூட்டைக் காட்ட ஒரே ஒரு முள் மானி இருந்தது. ஆறு சிலிண்டரில் ஒன்றில், ஐந்தாவதில் மட்டும், அதன் உணரி செருகியிருந்தது. மற்ற ஐந்தும் என்ன பாடு படுகின்றன என்பது விமானிக்குத் தெரியவே தெரியாது. புதிய கருவி ஆறின் தலைச் சூட்டையும், ஆறு புகைக்குழாயின் சூட்டையும், எரிபொருள் ஓடும் அளவையும் ஒரே திரையில் காட்டும். அதைப் பூட்டுவது என்றால் பலகையில் ஓர் ஓட்டை வெட்டுவது என்றுதான் ஆட்கள் நினைக்கிறார்கள். ஓட்டை வெட்டுவது ஒரு பின்னேர வேலை. மிச்சமெல்லாம் பலகைக்குப் பின்னாலும் என்ஜினுக்குள்ளும்தான்.

சூடு பார்க்கும் வேலையை நான் படித்தது கொக்குவிலில், சின்னமாமாவின் கராஜில்.

1990 ஜூனில் வலிகாமம் வடக்குச் சனம் முழுக்க எழும்பி ஓடியபோது வசாவிளானில் எங்கள் வீடும் போனது. பலாலி ஓடுபாதைக்குப் பக்கத்து ஊர் வசாவிளான். செம்மண் தோட்டம், வெங்காயம், வாழை, எல்லாம் விட்டுவிட்டு வந்து மாமாவின் கராஜுக்குப் பின்பக்க அறையில் இருந்தோம். எனக்குப் பதினெட்டு வயது. மின்சாரம் நின்றுபோயிற்று. பெற்றோல், பற்றறி, சிமெந்து, உரம் எதுவும் குடாநாட்டுக்குள் வரக் கூடாது என்று தடை. கார் வைத்திருந்தவர்களின் ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் கொஞ்ச நாள் கொட்டிலில் நின்றன. பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தன, மண்ணெண்ணெயில்.

மண்ணெண்ணெய் குளிர்ந்த என்ஜினில் ஆவியாகாது. பெற்றோலில் ஸ்ராற் பண்ணி, என்ஜின் சூடேறிய பிறகுதான் அதைக் கொடுக்க வேண்டும். பெற்றோலையோ மருந்துப் போத்தலில் அளந்து வாங்கிய காலம். சாலி, எம்.டி. 90 போன்ற சின்ன ஹொண்டாக்களுக்கு மாமா ஒரு ஒழுங்கு செய்தார். ஒரு மருந்துப் போத்தல், ஆஸ்பத்திரியில் ஒருமுறை பாவித்து எறிந்த சேலைன் குழாய், அந்தக் குழாயிலேயே இருக்கிற சின்ன உருளைச் சில்லு. போத்தலை ஹாண்டிலுக்குக் கீழே கட்டி, குழாயைக் காபரேற்றருக்குள் விடுவார். சில்லை உருட்டினால் பெற்றோல் சொட்டும், மூடினால் நிற்கும். அந்தச் சில்லு எந்தப் பக்கம் உருண்டால் திறக்கும் என்பதைத் தகட்டில் ஆணியால் கீறி வைப்பார். ஓடுகிறவன் இருட்டிலும் தடவிப் பார்க்க வேண்டும் என்பார். விமானத்தில் ஒவ்வொரு பொத்தானுக்கும் கீழே பெயர்த்தகடு ஒட்டும்போது இன்றைக்கும் மாமாவின் ஆணிக்கீறல்தான் என் அளவுகோல்.

எப்போது மாற்றுவது என்பதில்தான் முழு வித்தையும். முந்திவிட்டால் என்ஜின் இருமிச் செத்துப்போகும். பிளக்கைக் கழற்றித் துடைத்து மறுபடியும் தொடங்க வேண்டும். பிந்திவிட்டால் பெற்றோல் வீண். மாமா நடுவிரலைத் தண்ணீரில் தோய்த்து ஹெட்டில் ஒரு துளி விடுவார். துளி அப்படியே பரவிக் கிடந்தால், இன்னும் இல்லை. கொதித்து ஓரத்தால் சுருங்கினால், கொஞ்சம் பொறு. சீறிக்கொண்டு உடனே மறைந்தால், “இப்ப திற, தம்பி.” நான் மண்ணெண்ணெய்த் திறப்பைத் திருப்புவேன். புகை வெள்ளையாய்க் கக்கும், பிறகு தெளியும்.

மண்ணெண்ணெய்க்கு இன்னொரு குணமும் உண்டு. அமுக்கம் கூடிய என்ஜினில் அது தட்டும். உள்ளே சுத்தியலால் அடிப்பது மாதிரிக் கேட்கும். அப்படியே ஓடினால் பிஸ்ரன் தலை பொரிந்துபோகும். ஹெட்டுக்கு அடியில் இரண்டாவது காஸ்கெற் ஒன்றை வைத்து மாமா அமுக்கத்தைக் குறைத்தார். என்ஜினின் வலு குறையும், ஆனால் உயிரோடு இருக்கும். எத்தனை ஆசிரியர்கள், மருத்துவிச்சிகள், பிரேதப் பெட்டி ஏற்றிய வான்கள் அந்த இரண்டாவது காஸ்கெற்றில் ஓடின என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

இரவில் றேடியோ வேலை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் தமிழோசை கேட்ட காலம். டைனமோ தருவது மாறும் மின்சாரம். நேரே கொடுத்தால் றேடியோ இரையும். நாலு டயோட்டும் ஒரு கொண்டென்சரும் சேர்த்து அதை நேராக்க வேண்டும். பழைய ரி.வி.களின் வயிற்றிலிருந்து டயோட்டுகளைப் பிடுங்கினோம். ஒட்டுகிற கோலைச் சூடாக்க மின்சாரம் ஏது? செப்பு முனைக் கோலைச் சிரட்டைக் கரி நெருப்பில் வைத்து எடுத்தால், மூன்று ஒட்டு ஒட்டலாம். நாலாவதுக்கு முன் ஆறிவிடும். ஒரு இரவு நான் இரண்டாவது ஒட்டில் நின்றபோது சியாமாசெட்டியின் சத்தம். கரி நெருப்பு மேலே தெரியும் என்று மாமா அதன்மேல் வாளி நிறையத் தண்ணீரை ஊற்றினார். பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கருக்குள் ஆறு பேர். தாவடிப் பக்கமாக இரண்டு சத்தம். வெளியே வந்தபோது டயோட்டு ஒன்று காலுக்குள் அகப்பட்டு நசிந்திருந்தது. மறுநாள் வேறொரு ரி.வி.யைத் திறந்தோம்.

1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது அந்தக் கராஜையும் விட்டுவிட்டுத் தென்மராட்சிக்குப் போனோம். அடுத்த வருடம் நான் நாட்டை விட்டே போய்விட்டேன். டொரன்ரோவில் தொழிற்சாலை, உணவகம், பிறகு சென்ரெனியல் கல்லூரியில் விமானப் பராமரிப்புப் படிப்பு. ஏன் விமானம் என்று வீட்டில் கேட்டார்கள். தெரியாத ஒன்றுக்குப் பயந்துகொண்டே சாகக் கூடாது என்று நினைத்தேன். இன்றைக்கும் அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

இனி அந்த எஸ்.எஃப். 260க்கு வருகிறேன்.

சூட்டை அளப்பது தெர்மோகப்பிள். இரண்டு வெவ்வேறு உலோகக் கம்பிகளின் நுனியைச் சேர்த்துச் சூடாக்கினால், அந்தச் சூட்டிலிருந்தே மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கும். 1821இல் சீபெக் கண்டறிந்தது. நாங்கள் பாவித்த கே வகையில் ஒரு பாகை செல்சியஸுக்கு ஏறக்குறைய 41 மைக்ரோவோல்ற். ஒரு வோல்ற்றைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் 41 கூறு. இவ்வளவு சின்னச் செய்தியை என்ஜினின் அதிர்வுக்கும் எண்ணெய்க்கும் நடுவால் பலகை வரைக்கும் கெடாமல் கொண்டுவர வேண்டும். இடையில் கம்பி போதவில்லை என்று செப்பு வயரால் நீட்டினால், சூடான அந்த இடத்தில் வேண்டாத இன்னொரு சந்தி பிறந்துவிடும். திரையில் பொய் எண் வரும். கே வகைக் கம்பியையே கருவி வரை கொண்டுபோக வேண்டும். மஞ்சள் நேர்முனை, சிவப்பு எதிர்முனை. கார் வயரில் சிவப்பை நேர்முனை என்று பழகிய கை இங்கே ஒவ்வொரு தடவையும் நின்று யோசிக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் என்ஜின் சூடேற ஏறத் திரையில் சூடு இறங்கிக்கொண்டு போகும்.

தலைச் சூட்டு உணரிக்குச் சிலிண்டரின் அடியில் மரையோடு ஒரு துளை ஆயத்தமாக இருக்கிறது. அதற்குள் திருகிச் செருகலாம். புகைக்குழாய்க்கு நாங்களே துளைக்க வேண்டும். சிலிண்டர் விளிம்பிலிருந்து ஆறு குழாயிலும் ஒரே தூரம். ஒன்றில் கொஞ்சம் கிட்ட, ஒன்றில் எட்ட என்று துளைத்தால் ஒப்பிடுவதற்கே அர்த்தமில்லாமல் போய்விடும். குழாய் துருவேறாத உருக்கு, துளைப்பான் வழுக்கும். முதலில் முனையால் ஒரு புள்ளி குத்தி, மெதுவாக, எண்ணெய் விட்டு விட்டு. ஆறு துளைக்கு முழுக் காலையும் எடுத்தேன்.

பிறகு வயர்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டுவது. பிளாஸ்ரிக் பட்டி போட்டு இழுத்துவிடலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் மெழுகு பூசிய நூலால் கட்டுகிறேன். பட்டியின் வெட்டிய முனை கூராக நிற்கும்; அடுத்த முறை கை விடுகிறவனின் தோலைக் கிழிக்கும், சூட்டில் காய்ந்து உடையும். நூல் முடிச்சு வயரை நசிக்காமல் பிடித்துக்கொள்ளும். விமானப் பலகைக்குப் பின்னால் வேலை செய்வதென்றால் இருக்கையைக் கழற்றிவிட்டு, மல்லாந்து படுத்து, பெடல்களுக்கு நடுவே தலையை விட்டு, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். சியாமாசெட்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பது எனக்குப் பழக்கமான நிலைதான். இந்த முறை நெற்றியில் விளக்கும் கையில் நூலும் இருந்தன. அங்கே கிடந்தபோதுதான் அதன் மேல் எனக்கிருந்த பயம் விட்டுப் போனது. கோபம் போகவில்லை, அது விமானத்தின் மேல் உள்ள கோபம் இல்லை என்பது தெளிந்தது.

கடைசியில் கடதாசி வேலை. கழற்றிய மானியின் நிறை, பூட்டிய கருவியின் நிறை, அவை நிற்கும் இடத்தின் தூரம், இவற்றை வைத்து விமானத்தின் வெற்று நிறையையும் புவியீர்ப்பு மையத்தையும் புதிதாகக் கணக்கிட்டு எழுத வேண்டும். பக்கத்தில் மின் கருவி வந்ததால் திசைகாட்டி விலகியிருக்கிறதா என்று விமானத்தைத் திசை திசையாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். பிறகு பதிவேட்டில் என் கையெழுத்தும் உரிம எண்ணும். அந்தக் கையெழுத்தைப் போடுகிறபோதெல்லாம் எனக்குப் பெருமை வரும். மாமாவின் வேலைக்கு ஒரு பதிவேடு இருந்ததில்லை.

சோதனைப் பறப்பில் சொந்தக்காரர் ஓட்ட, நான் வலப்பக்க இருக்கையில் இருந்து திரையைப் பார்த்தேன். ஆறு கம்பங்கள் ஏறின. ஐந்தாவது, பழைய முள் ஒட்டியிருந்த சிலிண்டர், ஒழுங்காக நின்றது. மூன்றாவது மேலே மேலே போனது. ஏறுமுகத்தில் மற்றவை 390 பாகை ஃபாரன்ஹீற்றுக்குக் கீழே நிற்க, இது 430ஐத் தாண்டியது. லைக்கொமிங் விதித்த எல்லை 500 என்றாலும், அந்தச் சூட்டில் நாளுக்கு நாள் ஓடினால் சிலிண்டர் காலத்துக்கு முன்பே தேயும். எத்தனை வருடமாக அந்த மூன்றாவது இப்படி வெந்துகொண்டிருந்ததோ, ஐந்தாவதைப் பார்த்து எல்லாம் நலம் என்று விமானி நம்பிக்கொண்டிருந்தார். மூக்கை இறக்கி வேகத்தைக் கூட்டச் சொன்னேன். காற்று கூடச் சூடு இறங்கியது.

அந்த நேரம் ஒரே ஒரு தடவை வெளியே பார்த்தேன். ஆயிரம் அடி உயரம் இருக்கும். கொடியில் காயப்போட்ட உடுப்பு தெரிந்தது. பள்ளிக்கூட மைதானம், அதன் நடுக்கோடு, வேலி ஓரத்தில் நின்ற சைக்கிள்கள், எல்லாம் தெரிந்தன. இந்த உயரத்திலிருந்து ஒரு கோயிலையோ பள்ளிக்கூடத்தையோ அடையாளம் காண முடியாது என்று எவரும் இனி எனக்குச் சொல்ல முடியாது.

தரையில் மூடியைக் கழற்றிப் பார்த்தோம். சிலிண்டர்களின் மேல் காற்றைத் திருப்பிவிடும் தகட்டின் ரப்பர் ஓரம் மூன்றாவதுக்குப் பக்கத்தில் உள்ளே மடிந்து கிடந்தது. காற்று அந்த இடைவெளியால் வீணாகப் போயிருக்கிறது. புதிய ரப்பர் வைத்தோம். அடுத்த பறப்பில் மூன்றாவது மற்றவற்றோடு சேர்ந்து நின்றது.

இந்தத் தை மாதம் ஊருக்குப் போனேன், சென்னையிலிருந்து நேரே பலாலிக்கு. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை போட்ட ஓடுபாதை அது. 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோனின் முதல் பறப்பு இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் போனபோது இங்கேதான் டக்கோட்டா இறங்கியது. 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் சென்னை விமானம் வரத் தொடங்கியது. இப்போது வருவது ஏ.ரி.ஆர். 72. அதன் விமானிகளுக்கு முன்னால் முள் மானிகளின் கூட்டம் இல்லை, ஐந்து பெரிய திரைகள். யன்னலால் செம்மண் தெரிந்தது. பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் ஊர் வருகுது என்று அழத் தொடங்கினார். அந்த ஓடுபாதையிலிருந்து எழும்பியவற்றுக்குப் பயந்து ஓடிய நாங்கள் அதிலேயே இறங்கி, வரிசையில் நின்று, கடவுச்சீட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம்.

கொக்குவில் கராஜை இப்போது மச்சான் நடத்துகிறான். மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காலையில் வந்து கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். நாலு பொடியள் வேலை பழகுகிறார்கள். அவர்களுக்குக் காட்டவென்று ஒரு கே வகைக் கம்பித் துண்டு கொண்டு போயிருந்தேன். நுனியை முறுக்கி, கேத்திலில் கொதிக்கிற தண்ணீருக்குள் விட்டு, மற்ற இரண்டு முனையையும் மல்ரிமீற்றரில் கொடுத்தேன். ஏறக்குறைய 2.9 மில்லிவோல்ற் காட்டியது.

“அண்ணை, பற்றறி எங்க?” என்றான் ஒருவன்.

“பற்றறி இல்லை. சூடுதான்.”

அவன் கம்பியை வெளியே எடுத்தான், உள்ளே விட்டான், இன்னொருமுறை எடுத்தான். எண் இறங்கி ஏறியது. இப்படியான கையும் கண்ணும் உள்ள பொடியள் யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைக்கு ஒருவர் இருக்கிறார்கள். பலாலியில் விமானம் இறங்குகிற இந்தக் காலத்தில் அவர்கள் அதைப் பயணிகளாக மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இங்கேயே ஒரு சிறு பட்டறை, கழற்றிப் பூட்டிப் பழக ஒரு பழைய பலகை, உரிமத்துக்கு வழிகாட்ட ஒருவர், இவ்வளவும் இருந்தால் போதும், தொடங்கலாம். என் பங்குக்குப் பட்டறையில் கழற்றிய பழைய மானிகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

மாமா கதிரையில் இருந்தபடியே மல்ரிமீற்றரை வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “ரெண்டு காஸ்கெற் வைச்ச என்ஜின் மண்ணெண்ணெயில ஓடேக்க ஹெட் எவ்வளவு சூடா இருந்திருக்கும், தம்பி? நான் துளிய வைச்சுத்தானே பார்த்தனான். நூறுக்கு மேல எண்டது தெரியும். எவ்வளவு மேல எண்டது தெரியாது.”

எனக்கும் தெரியாது. பிளக்குக்கு அடியில் வளையமாக வைக்கிற தெர்மோகப்பிள் இருக்கிறது. அதைப் பூட்டி ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். சுன்னாகத்தில் ஒரு பழைய சாலியை மச்சான் பேசி வாங்கிவிட்டான். பொடியள் காபரேற்றரைக் கழற்றிக் கழுவி வைத்திருக்கிறார்கள். இரண்டாவது காஸ்கெற்றை மாமாவே வெட்டித் தருகிறாராம். வளையத் தெர்மோகப்பிள் இரண்டும் மஞ்சள்-சிவப்பு வயர் ஐந்து மீற்றரும் வரும் ஆடியில் நான் கொண்டு போக வேண்டும்.